தாவல் உள்ள ஐகென் மதிப்புக் கணக்குகளில் மாதிரித் தேற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூரியே தொடரும் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகளும் அறிந்தவர்கள், ஸ்டர்ம்–லியோவில் கணக்கின் நடுவே ஒரு தாவல் புள்ளி (தீர்வோ அதன் வகைக்கெழுவோ திடீரென்று மதிப்பு மாறும் இடம்) வந்தவுடன் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று கேட்கும் கேள்விகளுக்கு இப்பக்கம் விடை தருகிறது. ஸ்டர்ம்–லியோவில் கணக்கு என்பது இது: தீர்வின் இரண்டாம் வகைக்கெழுவின் எதிர்மத்தோடு, ‘அழுத்தக் கெழு’ என்னும் சார்பால் பெருக்கிய தீர்வைக் கூட்டினால் தீர்வின் ‘ல’ மடங்கு கிடைக்க வேண்டும்; இரு முனைகளிலும் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். சுழியல்லாத தீர்வு கிடைக்கும் ல மதிப்புகள் ஐகென் மதிப்புகள்; அத்தீர்வுகள் ஐகென் சார்புகள். குறியீடுகள் சிலவே: ஐகென் அளவுரு ‘ல’; அதன் வர்க்கமூலம் ‘ச’, அதாவது ல = ச².

மாதிரித் தேற்றம் அடிப்படையில் என்ன சொல்கிறது?

ஒரு சார்பில் அடங்கியுள்ள அதிர்வெண்களுக்கு ஒரு மேல்வரம்பு இருக்குமானால், சீரான இடைவெளியில் எடுத்த அதன் மதிப்புகளை மட்டும் கொண்டே அச்சார்பை முழுமையாக மீட்டுவிடலாம். விட்டேக்கர் 1915-இல் இடைச்செருகல் தொடராகவும், கோத்தெல்னிக்கோவ் 1933-இல் தொலைத்தொடர்பு நோக்கிலும், ஷானன் 1949-இல் வெளியான தம் கட்டுரையிலும் இதை எழுதினர். 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் குறுந்தகட்டில் பதிக்க நொடிக்கு 44,100 மாதிரிகள் போதும் என்பது இத்தேற்றத்தின் நேரடிப் பயன்.

இதில் வகைக்கெழுச் சமன்பாடு எங்கிருந்து வருகிறது?

ஷானனின் வாய்பாட்டில் மாதிரி எடுக்கப்படும் புள்ளிகள் ஏன் சீராக அமைகின்றன என்று கேட்டுப் பார்த்தால் விடை தெரியும். ஒரு முடிவுள்ள இடைவெளியில் சைன், கொசைன் சார்புகள் எந்த அதிர்வெண்களில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகின்றனவோ அவையே மாதிரிப் புள்ளிகள். அந்தச் சைன்களோ, இரண்டாம் வகைக்கெழுவை மட்டும் கொண்ட மிக எளிய எல்லை மதிப்புக் கணக்கின் ஐகென் சார்புகள். அப்படியானால் வேறொரு எல்லை மதிப்புக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதன் ஐகென் மதிப்புகளையே மாதிரிப் புள்ளிகளாக்க முடியாதா? இந்தக் கேள்வியை வைஸ் 1957-இல் ஸ்டர்ம்–லியோவில் கணக்குகளுக்காக எழுப்பி விடையும் தந்தார். கிராமர் 1959-இல் அதைப் பொதுத் தேற்றமாக்கினார்.

கிராமர் கேட்பது இவ்வளவுதான்: இடத்தையும் ல-வையும் சார்ந்த ஒரு கருச்சார்பு வேண்டும், ல-வுக்குக் குறிப்பிட்ட சில எண்களை இடும்போது கிடைக்கும் சார்புகள் முழுமையான செங்குத்துத் தொகுதியாக அமைய வேண்டும். அந்தக் கருவைக் கொண்டு தொகையிட்டு உருவாக்கிய எந்த உருமாற்றத்தையும் அவ்வெண்களில் உள்ள மதிப்புகளிலிருந்து மீட்கலாம். ஸ்டர்ம்–லியோவில் கணக்கு அத்தகைய கருவைத் தானாகவே தந்துவிடுகிறது: இடது முனை நிபந்தனையை நிறைவுசெய்யும் தீர்வே கரு, ஐகென் மதிப்புகளே மாதிரிப் புள்ளிகள். ஸாயித், ஹின்ஸென், பூட்ஸர் ஆகியோர் 1990-இல் இத்தொடர்கள் லாக்ராஞ்சி இடைச்செருகலின் (கொடுத்த புள்ளிகளின் வழியே செல்லும் பல்லுறுப்புக்கோவையைக் கட்டும் முறையின்) முடிவிலா வடிவமே என்பதை விரிவாக நிறுவிய பிறகு, இத்துறை தனக்கென்று ஒரு மொழியைப் பெற்றது.

தொடர்ச்சியின்மை எதில் உள்ளது? மீட்கப்படும் சார்பிலா?

இல்லை. இந்த ஒரு புள்ளியில் தெளிவு பிறந்துவிட்டால் மீதிக் குழப்பங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும். தாவல், இட மாறியில் மட்டுமே உள்ளது: தீர்வும் அதன் முதல் வகைக்கெழுவும் இடைவெளியின் உள்ளே ஒரு புள்ளியைக் கடக்கும்போது திடீரென்று மதிப்பு மாறுகின்றன. நாம் மாதிரி எடுப்பதோ ல-வின் சார்பை. அது இடத்தின்மீது தொகையிட்டுப் பெற்றது. கலப்பெண் தளம் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடத்தக்க முழுச் சார்பு. கரு தாவினாலும் உருமாற்றம் வழவழப்பாகவே இருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சமன்பாட்டில் உள்ள அழுத்தக் கெழு மட்டும் ஒரு புள்ளியில் தாவி, தீர்வும் அதன் வகைக்கெழுவும் தொடர்ச்சியாக இருந்தால், அது புதிய கணக்கே அன்று. தொகையிடத்தக்க கெழுக்களுக்கான பழைய கோட்பாடு அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தீர்வோ வகைக்கெழுவோ தாவ வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும்போதுதான் கணக்கின் இயல்பு மாறுகிறது.

அத்தகைய நிபந்தனை இயற்கையில் எங்கே எழுகிறது?

இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒட்டி நிற்கும் எந்த இடத்திலும் எழுகிறது. செம்பும் எஃகும் இணைந்த தண்டில் வெப்பநிலை தொடர்ச்சியாக இருக்கும். வெப்ப ஓட்டமும் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் கடத்துதிறன்கள் வேறுபடுவதால் வெப்பநிலைச் சரிவு தாவியே ஆக வேண்டும். இரண்டு அடர்த்திகள் கொண்ட இழுத்துக் கட்டிய கம்பியில் இடப்பெயர்ச்சியும் சரிவும் தொடர்ச்சியானவை. ஆயினும் அலை செல்லும் நேரத்தை நீளமாக எடுத்துக்கொண்டு லியோவில் உருமாற்றம் செய்தால், அடர்த்தி விகிதத்தின் நான்காம் மூலத்தால் புதிய சார்பு பெருக்கப்பட்டும், அதன் வகைக்கெழு அதே எண்ணால் வகுக்கப்பட்டும் மறுபுறம் தொடர்கின்றன.

மிகப் பெரிய எடுத்துக்காட்டு நம் காலடியில் இருக்கிறது. மொகொரோவிசிச் 1909-இல் கண்டறிந்த, புவியோட்டின் அடியெல்லையும், ஏறத்தாழ 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள கவசம்–உள்ளகம் எல்லையும் அடர்த்தியும் அலை வேகமும் தாவும் பரப்புகள். 1960 மே மாதச் சிலி நிலநடுக்கத்துக்குப் பின் புவி முழுவதும் மணிக்கணக்கில் அதிர்ந்ததை ஐயமின்றிப் பதிவுசெய்தபோது, கருவிகள் அளந்தவை தொடர்ச்சியற்ற ஐகென் மதிப்புக் கணக்கு ஒன்றின் ஐகென் மதிப்புகளையே.

தாவல் இருக்கும்போது ஐகென் சார்புகள் எப்படிச் செங்குத்தாக இருக்க முடியும்?

வழக்கமான உட்பெருக்கத்தில் (இரு சார்புகளைப் பெருக்கித் தொகையிடுவதில்) அவை பொதுவாகச் செங்குத்தாக இரா. உட்பெருக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எப்படி மாற்றுவது என்பதைத் தாவலே சொல்லிவிடுகிறது.

தாவல் புள்ளியைக் கடக்கும்போது தீர்வு ‘ப’ என்னும் எண்ணாலும் அதன் வகைக்கெழு ‘வ’ என்னும் எண்ணாலும் பெருக்கப்படுகின்றன என்று கொள்வோம். இரண்டு தீர்வுகளின் ரான்ஸ்கியன் ஒன்றின் மதிப்பையும் மற்றதன் வகைக்கெழுவையும் பெருக்கிக் கழித்துப் பெறுவது. ஆகவே அது பவ (ப, வ இரண்டின் பெருக்கம்) மடங்காகிறது. செங்குத்துத் தன்மையை நிறுவும் லாக்ராஞ்சி முற்றொருமையில் (இரு தீர்வுகளின் பெருக்கலைத் தொகையிட்டதை முனைகளில் உள்ள ரான்ஸ்கியன் மதிப்புகளாக மாற்றுவது அது), இடப்புறத் தொகையீடு தாவல் புள்ளியில் விட்டுச்செல்லும் ரான்ஸ்கியனும் வலப்புறத் தொகையீடு விட்டுச்செல்வதும் ஒன்றையொன்று நீக்க வேண்டும். வலப்புறத் தொகையீட்டை 1/(பவ) என்னும் எடையால் பெருக்கினால் அவை சரியாக நீங்குகின்றன. தாவலின் முழுச் சுமையையும் இந்த ஒற்றை எண் ஏற்றுக்கொள்வது இக்கோட்பாட்டின் மிக அழகான இடம் என்று கருதுகிறேன். எல்லைகள் இரண்டுக்கும் தனித்தனி மெய்ந்நிபந்தனைகள் இருந்து, பவ நேர்மமாகவும் இருக்கும்வரை, எடையிட்ட இந்த ஹில்பர்ட் வெளியில் (உட்பெருக்கம் கொண்ட சார்புகளின் வெளியில்) கணக்கு தன்னிணைவானது, அதாவது உட்பெருக்கத்தின் இரு பக்கமும் சமச்சீராகச் செயல்படுவது. ஐகென் மதிப்புகள் அனைத்தும் மெய்யெண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஐகென் சார்பு. அச்சார்புகள் முழுமையான தொகுதி.

தேற்றம் இறுதியில் என்ன வடிவம் பெறுகிறது?

இடது முனை நிபந்தனையை நிறைவுசெய்யும் தீர்வை, தாவல் புள்ளியில் ப, வ ஆகியவற்றால் பெருக்கி வலது முனைவரை கொண்டுசெல்லுங்கள். வலது முனையில் தீர்வு சுழியாக வேண்டும் என்பது நிபந்தனையானால், அங்கே கிடைக்கும் மதிப்பே பண்புச் சார்பு. அதை த(ல) என்போம். த(ல) சுழியாகும் இடங்களே ஐகென் மதிப்புகள். எடையிட்ட உட்பெருக்கத்தில் ஏதேனும் ஒரு சார்பை இத்தீர்வோடு தொகையிட்டுப் பெற்ற உருமாற்றத்தைத் தொடராக மீட்கலாம். தொடரின் ஒவ்வோர் உறுப்பும் இப்படி அமைகிறது: ஓர் ஐகென் மதிப்பில் உருமாற்றத்தின் மாதிரியை எடுத்து, த(ல)-ஆல் பெருக்கி, ல-வுக்கும் அந்த ஐகென் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தாலும், அந்த ஐகென் மதிப்பில் த-வின் வகைக்கெழுவாலும் வகுக்க வேண்டும். தொடர் முற்றாகக் குவிகிறது. கலப்பெண் தளத்தின் வரம்புள்ள எந்தப் பகுதியிலும் சீராகக் குவிகிறது.

நிறுவல் நீண்டதன்று. முந்தைய விடையில் சொன்ன முற்றொருமையில் இடது முனைப் பங்களிப்பு இல்லை. தாவல் புள்ளிப் பங்களிப்பு எடையால் நீங்கிவிட்டது. எஞ்சுவது வலது முனை மட்டுமே. அங்கே த(ல) வெளிப்படுகிறது. ல-வை ஐகென் மதிப்பை நோக்கி நகர்த்தினால் ஐகென் சார்பின் நெறிமத்தின் (எடையிட்ட உட்பெருக்கம் அளக்கும் நீளத்தின்) வர்க்கம் கிடைக்கிறது. அதில் த-வின் வகைக்கெழு ஒரு காரணியாக நிற்கிறது. நெறிமம் சுழியாகாது; ஆகவே அந்த வகைக்கெழுவும் சுழியாகாது, அதாவது த-வின் மூலங்கள் அனைத்தும் எளிய மூலங்கள். வகுத்தல் செல்லுபடியாகுமா என்ற ஐயமும் இதே வரியில் தீர்ந்துவிடுகிறது.

தர்வத் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தாவல் உள்ள ஸ்டர்ம்–லியோவில் கணக்குகளுக்கு முறையாக வகுத்துத் தந்தது. தீர்வுக்குப் பதிலாகக் கிரீன் சார்பை (ஒரே புள்ளியில் தூண்டும்போது கணக்கு தரும் விடையை) கருவாகக் கொண்டும் இதே வகைத் தொடரைப் பெறலாம்.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அழுத்தக் கெழு சுழி என்று கொள்வோம்; இரு முனைகளிலும் தீர்வு சுழி. தாவல் புள்ளிக்கு இடப்புற நீளம் ‘அ’, வலப்புற நீளம் ‘ஆ’. இடப்பக்கம் சைன் சார்பில் தொடங்கி, தாவலைக் கடந்து, வலது முனைக்கு வந்து, பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றினால் கிடைப்பது:

த = [ (ப + வ) சைன் ச(அ + ஆ) + (ப − வ) சைன் ச(அ − ஆ) ] ÷ 2ச

முதல் உறுப்பு தாவலே இல்லாத கணக்கின் உறுப்பு. இரண்டாம் உறுப்பு தாவலால் வந்தது. தாவல் புள்ளி நட்டநடுவில் இருந்தால் அ = ஆ; இரண்டாம் உறுப்பு மறைந்துவிடும். அப்போது தாவல் எவ்வளவு பெரிதாயினும் ஐகென் மதிப்புகள் இம்மியும் நகரா. ஐகென் சார்புகள் மட்டும் மாறும். ஒற்றைப்படை வரிசை எண் கொண்டவை வலப்புறத்தில் ப மடங்காகவும், இரட்டைப்படை எண் கொண்டவை வ மடங்காகவும் நிற்கும்.

இனி அ = 2, ஆ = 1, ப = 2, வ = 1 என்று எடுப்போம். எடை 1/2. சைன் 3ச என்பதை சைன் ச-வைக் கொண்டு விரித்தால், ஐகென் நிபந்தனை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று சைன் ச = 0; அல்லது சைன் ச-வின் வர்க்கம் = 5/6. எனவே ச-வின் மதிப்புகள் 1.1503, 1.9913, 3.1416, 4.2919, 5.1329, 6.2832 என்று செல்கின்றன. தாவல் இல்லாவிட்டால் அவை 1.0472, 2.0944, 3.1416 என்று சம இடைவெளியில் அமைந்திருக்கும். தாவலோடு அடுத்தடுத்த இடைவெளிகள் 1.1503, 0.8410, 1.1503, பிறகு மீண்டும் அதே நெட்டை, குட்டை, நெட்டை.

கவனியுங்கள்: ஒவ்வொரு 3.1416 நீளத்திலும் மூன்று புள்ளிகள் என்ற சராசரி அடர்த்தி மாறவே இல்லை. மொத்த நீளம் அ + ஆ எவ்வளவோ அதுவே உருமாற்றத்தின் அலைவரிசை அகலம். தாவல் அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. மாதிரிகளின் எண்ணிக்கை அதே. அவை நிற்கும் இடங்கள் மட்டும் வேறு. ப = வ = 1 என்று வைத்தால், ச-வால் பெருக்கிய உருமாற்றத்துக்கு ஷானன் தொடரே திரும்பக் கிடைக்கிறது. இரு தேற்றங்களுக்கும் இடையிலான இத்தகைய ஒப்பீட்டைக் கேம்பல் 1964-இலேயே தொடர்ச்சியான கணக்குகளுக்குச் செய்திருந்தார்.

தாவல் சிறியது என்றால் புறக்கணித்துவிடலாமா?

கூடாது. அழுத்தக் கெழுவோடு ஒப்பிட்டுத் தாவலையும் ஒரு சிறு திருத்தமாக எண்ணுவது இயல்பே. ஆனால் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வழவழப்பான அழுத்தக் கெழு ஐகென் மதிப்பின் வர்க்கமூலத்தை நகர்த்தும் அளவு, வரிசை எண் கூடக்கூட அதற்கு எதிர்விகிதத்தில் தேய்ந்துவிடுகிறது. நூறாவது ஐகென் மதிப்பில் அதன் தடம் மிக மெலிது. தாவலின் தடமோ தேய்வதே இல்லை. மேலே உள்ள வாய்பாட்டில் இரண்டு சைன்களுக்கும் ஒரே வகுக்கும் எண்தான். ச எவ்வளவு பெரிதானாலும் இரண்டாம் உறுப்பு முதலுறுப்போடு அதே விகிதத்தில் நிற்கிறது. ஆயிரமாவது இடைவெளியிலும் நெட்டை, குட்டை, நெட்டை மாறாது. தாவலைப் புறக்கணித்துச் சம இடைவெளியில் மாதிரி எடுத்து அவற்றை ஐகென் மாதிரிகளாக மேற்படித் தொடரில் இட்டால், பிழை முதல் சில உறுப்புகளோடு நிற்காமல் கடைசிவரை தொடரும்.

புவியியற்பியலாளர்கள் இதை 1970-களிலேயே கண்டனர். புவியின் முறுக்கு அதிர்வுகளின் உயர் மேற்சுரங்களை வரிசைப்படுத்திய ஆண்டர்சன், மெக்னாப், லாப்வுட் முதலியோர், அவற்றின் இடைவெளிகள் ஒரு நிலையான எண்ணை நோக்கிச் செல்லாமல் அலைபோல் ஏறி இறங்குவதைக் கெழுக்களின் தொடர்ச்சியின்மையோடு இணைத்தனர். அதற்கு ‘சோலோடோன்’ விளைவு என்று பெயர். நம் சிறு எடுத்துக்காட்டின் நெட்டையும் குட்டையும் அதே விளைவுதான்.

ப, வ இரண்டும் எதிரெதிர்க் குறி கொண்டால்?

எடை எதிர்மமாகிவிடும்; உட்பெருக்கம் நீளத்தை அளக்கும் தகுதியை இழக்கும். எவ்வளவு கெடலாம் என்பதற்கு ஒரு கடுமையான எடுத்துக்காட்டு: அ = ஆ, ப = 1, வ = −1 என்று வையுங்கள். வாய்பாட்டின் இரண்டு உறுப்புகளும் மறைகின்றன. த எங்கும் சுழி. கலப்பெண் தளத்தின் ஒவ்வோர் எண்ணும் ஐகென் மதிப்பாகிவிடுகிறது! காரணம் எளிது: வலப்புறத் தீர்வு இடப்புறத் தீர்வின் கண்ணாடிப் பிம்பமாகி, இடது முனையில் சுழியாக இருந்தது வலது முனையிலும் தானாகவே சுழியாகிறது. மாதிரிப் புள்ளிகள் என்று தனியே சொல்ல எதுவும் இல்லை, தேற்றமும் இல்லை. பவ > 0 என்ற நிபந்தனை ஏன் ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் நிற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லை நிபந்தனையிலேயே ஐகென் அளவுரு தோன்றினால்?

கம்பியின் முனையில் ஒரு நிறை தொங்கினால், அங்கே உள்ள சரிவானது நிறை, ல, இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றின் பெருக்கலோடு தொடர்புறுகிறது. ல எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. அப்போது தீர்வு மட்டும் போதாது. தீர்வோடு முனையின் இயக்கத்தைக் குறிக்கும் ஓர் எண்ணையும் சேர்த்து ஓர் இணையாகக் கொள்ள வேண்டும். வால்டர் 1973-இலும் ஃபுல்டன் 1977-இலும் இவ்வழியில் தன்னிணைவை மீட்டனர். மாதிரித் தேற்றத்தில் மாறுவது, உருமாற்றத்தின் தொகையீட்டோடு அந்த எண்ணின் பங்கு ஒரு கூடுதல் உறுப்பாகச் சேர்வதே. தொடரின் வடிவம் அப்படியே. நிறை முனையில் இல்லாமல் தாவல் புள்ளியில் அமர்ந்திருந்தால் இணைப்பு நிபந்தனையில் ல நுழையும். தகுந்த குறிகளோடு அதையும் இதே உத்தியால் கையாளலாம்.

அழுத்தக் கெழு சுழியல்லாதபோது த(ல) எனக்குத் தெரியாதே. கணினியில் எப்படிப் பயன்படுத்துவது?

இங்கே மாதிரிக் கோட்பாடு திசை மாறி வேலை செய்கிறது: ஐகென் மதிப்புகளில் மாதிரி எடுப்பதற்குப் பதிலாக, ஐகென் மதிப்புகளைக் கண்டுபிடிக்கவே மாதிரி எடுக்கிறோம். பூமெனிர், சனான் ஆகிய இருவரும் 1996-இல் முன்வைத்த வழி இது. பண்புச் சார்பிலிருந்து, அழுத்தக் கெழு சுழியான கணக்கின் தெரிந்த பகுதியைக் கழித்துவிடுங்கள். எஞ்சுவது ச-வின் சார்பாக, மொத்த நீளத்தையே அலைவரிசை வரம்பாகக் கொண்டது. ச முடிவிலியை நோக்கிச் செல்லும்போது விரைவாகத் தேய்வது. அதன் மதிப்புகளைச் சம இடைவெளிப் புள்ளிகளில் ருங்கே–குட்டா போன்ற, படிப்படியாக முன்னேறும் எண்முறையால் தொடக்க மதிப்புக் கணக்கைத் தீர்த்துப் பெற்று, ஷானன் தொடரில் இட்டு, கழித்ததைக் கூட்டி, சுழிகளைத் தேடினால் ஐகென் மதிப்புகள் கிடைக்கும்.

தாவல் உள்ளபோது இரண்டு எச்சரிக்கைகள். எண்முறைப் படி எதுவும் தாவல் புள்ளியைத் தாண்டிச் செல்லக்கூடாது. அங்கே நிறுத்தி, ப, வ ஆகியவற்றால் பெருக்கி, புதிதாகத் தொடங்க வேண்டும். கழிக்கும்போது இரண்டு சைன் உறுப்புகளையும் கழிக்க வேண்டும். முதலாவதை மட்டும் கழித்தால் எஞ்சுவது மெதுவாகத் தேய்ந்து, தொடரை வெட்டும்போது ஏற்படும் பிழை தேவையின்றிப் பெருகும். மாதிரிகளைச் சற்று நெருக்கமாக எடுத்துத் தொடரின் உறுப்புகளைக் காஸியன் (மணி வடிவில் விரைந்து தேயும்) காரணியால் பெருக்கினால், வெட்டுப் பிழை உறுப்புகளின் எண்ணிக்கையோடு அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. அன்னபியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஐகென் மதிப்புக் கணக்குகளுக்கு இதை விரிவாகப் பயன்படுத்தியுள்ளனர்.

ஒன்றுக்கு மேற்பட்ட தாவல்கள் இருந்தால்?

ஒவ்வொரு புள்ளியையும் கடக்கும்போது எடை அந்தப் புள்ளியின் பவ-வால் மேலும் வகுபடும். இரண்டு தாவல்களுக்கு நான்கு சைன் உறுப்புகள் வரும். மிகப் பெரிய அதிர்வெண் மொத்த நீளமாகவே இருக்கும்.

மாதிரிப் புள்ளிகளை மட்டும் வைத்துத் தாவல் எங்கே உள்ளது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். அழுத்தக் கெழு சுழியான கணக்கில், இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது ப − வ-வுக்கும் ப + வ-வுக்கும் உள்ள விகிதத்தையும், அது எத்தனை உறுப்புகளுக்கு ஒருமுறை திரும்புகிறது என்பது அ − ஆ-வையும் காட்டிக்கொடுக்கின்றன. தண்டின் உள்ளே எங்கே ஒட்டு இருக்கிறது என்பதை வெளியிலிருந்து தட்டிக் கேட்டே அறியும் முயற்சிக்கு இதுவே அடிப்படை. ஆனால் ப-வும் வ-வும் தனித்தனியே கிடைக்கா. மேலும் தண்டை இடவலமாகத் திருப்பி வைத்தால் அ-வும் ஆ-வும் இடம் மாறும், ப-வும் வ-வும் தம் தலைகீழிகளாகும், விகிதத்தின் குறியும் மாறும். இரண்டு குறி மாற்றங்களும் ஒன்றையொன்று நீக்கி, ஐகென் மதிப்புகள் அனைத்தும் அப்படியே நிற்கும். ஆகவே ஒட்டு இடது முனையிலிருந்து 2 அலகில் உள்ளதா, வலது முனையிலிருந்து 2 அலகில் உள்ளதா என்பதை ஐகென் மதிப்புகள் மட்டும் சொல்லா. ஐகென் சார்புகளின் நெறிமங்களோ, வேறோர் எல்லை நிபந்தனையில் அளந்த ஐகென் மதிப்புகளின் இன்னொரு தொடர்வரிசையோ கூடுதலாக வேண்டும்.